எஞ்சின் சுருதி

பங்குத்தந்தை கேட்டது ஓர் இரங்கல் பாட்டு.
குறும்பனைக் கோயிலில், வருகிற வெள்ளி, ஆறு மணித் திருப்பலிக்கு.
"கேட்டால் ஜனம் அழணும்" என்றார்,
கறிக்கடையில் எலும்பில்லாமல் கேட்பவர் போல.

அழவைப்பது கஷ்டமில்லை.
சுபபந்துவராளி என்று ஒன்று இருக்கிறது,
பெயரில் மட்டும் சுபம்.
ரிஷபத்தைத் தாழ்த்தி மத்யமத்தை ஏற்றினால்
நடுவில் ஒரு பள்ளம் விழும்.
கேட்கிறவர் தன் பிணத்தைத் தானே கொண்டுவந்து
அதில் இறக்கிக்கொள்வார்.
மார்த்தாண்டம் ட்ரூப்பில் பத்து வருஷம்
அந்தப் பள்ளத்தில்தான் எனக்குச் சாப்பாடு.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு
ரோஸ்லெட் வீட்டுக்குப் போனேன்.
நான்கு வரி வாசித்தேன்.
அவள் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டாள்.
தேங்காய் அரைந்து முடியும்வரை
நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை.
"யாரு செத்தா?" என்றாள் திரும்பி வந்து.
"எனக்க மாப்பிள தங்குகடலுக்குப் போயிருக்காரு.
பதினோரு மாசம்.
கொஞ்சம் கூடுதல்தான்."

பிறகு போனை எடுத்தாள்.
கிளீற்றஸ் கடைசியாக அனுப்பியது. பதினான்கு விநாடி.
பேச்சில்லை. சும்மா ஒரு முனகல்,
வலை இழுக்கிறவன் மூச்சு வாங்கும் இடங்களில்
அறுந்து அறுந்து.
அடியில் எஞ்சின்.

கட்டைகளில் தேடினேன்.
ஐந்தே ஸ்வரம், ஐந்தும் கறுப்பு.
மோகனம்.
பிள்ளையைத் தோளில் ஏற்றித்
திருவிழாக் கடைக்குள் போகிறவனின் ராகம்.
"பாத்தியளா, சந்தோசமாத்தான் இருக்காரு" என்றாள்.
ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு ஹெட்போனில் நாற்பது தடவை.
எஞ்சினைக் கழித்தெடுக்க ஒரு ஆப் இருக்கிறது.
கழிக்குமுன், அது என்ன சுருதி என்று பார்த்தேன்,
சும்மாதான்.
அது ஷட்ஜத்தில் இல்லை.
அவனுடைய மோகனத்தின் காந்தாரத்தில் நின்று
உறுமிக்கொண்டிருந்தது.
அதையே ஸ என்று வைத்துக் கேட்டால்
ஒரு ஸ்வரமும் மாறாமல், அதே ஐந்து கறுப்பு,
ஹிந்தோளம்.

பஞ்சமம் இல்லாத வீடு.
சாய்ந்துகொள்ள ஒரு சுவர் குறைகிறது, அவ்வளவுதான்.
அழுகிற ராகம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.
நானும் சொல்லவில்லை.
கரையில் நின்று கேட்டேன், தோளில் பிள்ளை இருந்தது.
படகில் ஏறிக் கேட்டேன், இல்லை.

மறுநாள் போய்ச் சொன்னேன்,
எஞ்சினை எடுத்துவிடலாம், குரல் மட்டும் தெளிவாக நிற்கும்.
போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
"எஞ்சின எடுத்தா அவரு எப்பிடி வருவாரு?"

வெள்ளிக்கிழமை
இடது கையில் ஒரே கட்டை, விரலை எடுக்கவேயில்லை.
மேலே பாடற்குழுப் பிள்ளைகள்
அவன் முனகலுக்குப் போட்ட வார்த்தைகளில்.
கடல் வரவில்லை, மரணம் வரவில்லை.
ஒரு வரியில் புளிமுளத்துக்கு உப்பு குறைகிறது,
இன்னொரு வரியில் பிள்ளைக்குப் பல் விழுகிறது.

ஜனம் அழவில்லை.
முன்வரிசையில் யாரோ தொடையில் தாளம் போட்டார்.
பங்குத்தந்தை ஒரு பார்வை பார்த்தார்,
கவரில் இருநூறு குறைந்திருந்தது.
ரோஸ்லெட் வாய்விட்டுப் பாடினாள்,
என் இடது கையைக் கேளாதவள் போல.
அல்லது
பதினோரு மாசமாக அதை மட்டுமே கேட்டவள் போல.

நாளைக்குத் தக்கலையில் கல்யாணம்.
பெண் உள்ளே வரும்போது மோகனம் வேண்டுமாம்.
அதே ஐந்து கட்டை.
இடது கையை எங்கே வைக்கிறேன் என்று
கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.